தொற்காள்தான் மூத்தவள்

ஜூன் 11

சுகிர்தம் இன்று ஒன்று கேட்டாள். கேட்கிற ஆளே அல்ல அவள். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகக் கேட்கிறாள் என்றுகூடச் சொல்லலாம். சாளை மீன் வந்திருக்கிறது என்று தெருவில் சத்தம் கேட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, இந்தப் புத்தகத்துல எம் பேரையும் போடச் சொல்லுதியா?"

பாக்கலாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டாள்.

இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆங்கிலப் பேராசிரியையாக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்றபின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் நான்கை மொழிபெயர்த்திருக்கிறேன். இது ஐந்தாவது. எங்கள் முறை எளிமையானது. காலை பத்தரைக்கு நான் பிரம்பு நாற்காலியில் உட்காருவேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசித்து, அதன் அர்த்தத்தைச் சொல்வேன். சுகிர்தம் எதிரே உட்கார்ந்து நீள நோட்டில் எழுதிக்கொள்வாள். பன்னிரண்டரைக்கு எழுந்து சோறு வடிக்கப் போவாள்.

எழுதிக்கொள்வதற்கெல்லாம் பெயர் போட ஆரம்பித்தால், மருந்துச்சீட்டில் டாக்டர் பெயரோடு கம்பவுண்டர் பெயரையும் போட வேண்டியிருக்கும்.

ஜூன் 12

பாக்கலாம் என்று சொன்னது சரியான பதில்தான்.

ஜூன் 15

ஆறாம் அத்தியாயம் முடிந்தது. நாவலின் பெயர் 'கயிறு திரிப்பவரின் மகள்கள்'. எழுதியவர்கள் ஹார்டில் சகோதரிகள் இருவர். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் ஒரு துறைமுக ஊரில் சின்னப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். அட்டையில் மட்டும் மார்த்தா ஹார்டில் என்று ஒரே பெயர். மற்றவள் சூசன்.

கதையிலும் இரண்டு சகோதரிகள். ஆங்கிலத்தில் டோர்கஸ், ஃபீபி. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வேதத்தில் பழகிய பெயர்கள்தானே என்று சுகிர்தம் முதல் நாளே தொற்காள், பெபேயாள் என்று எழுதிவிட்டாள். நல்லாத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். பெபேயாள் லண்டனுக்குப் போய்ப் படித்து ஆசிரியை ஆகிறாள். தொற்காள் வீட்டில் இருந்து அப்பாவையும் கயிறு அடுக்கிவைக்கும் கிட்டங்கியையும் பார்த்துக்கொள்கிறாள்.

ஆங்கிலத்தில் சகோதரி என்று மட்டும்தான் இருக்கும். அக்காவா தங்கையா என்று அவர்கள் சொல்வதில்லை; பேர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள். தமிழில் அது நடக்காது, யாராவது ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டே ஆக வேண்டும். பெபேயாள்தான் அக்கா என்று நான் முடிவு செய்து சொன்னேன். சுகிர்தம் பேனாவை நிறுத்தி, தொற்காள் மூத்தவளாக இருக்குமோ என்றாள். எந்த வீட்டில் அக்கா அடுப்படியில் இருந்துகொண்டு தங்கையைப் படிக்க அனுப்புவாள் என்று கேட்டேன். அவள் அப்படியே எழுதினாள்.

ஜூன் 28

பதிப்பாளர் அறவாழி சென்னையிலிருந்து பேசினார். போன வருடம் வந்த என் நான்காவது மொழிபெயர்ப்புக்கு ஓர் இலக்கிய அறக்கட்டளை பரிசு தருகிறதாம். அக்டோபர் பன்னிரண்டு விழா. தேர்வுக்குழு எழுதிய குறிப்பையும் அனுப்பியிருந்தார். 'மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே வராத தமிழ். இந்த மாந்தர்கள் தமிழிலேயே பிறந்து தமிழிலேயே சண்டை போடுகிறார்கள்.'

சுகிர்தத்துக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள்.

பெயர் விஷயத்தை அறவாழியிடம் கேட்க மறந்துவிட்டேன். இருபது நிமிடம் பேசினோம், நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 9

முன்னுரை எழுதினேன். இது மட்டும் முழுக்க முழுக்க என் கையெழுத்து. மார்த்தா ஹார்டிலை நார் நாராகக் கிழித்திருக்கிறேன். எட்டு நாவல், எட்டிலும் ஒரே பெயர். சூசன் செத்தபிறகு மார்த்தா ஒரு வரிகூட எழுதவில்லை. இதிலிருந்தே தெரியவில்லையா, யார் எழுதினார்கள் என்று? ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி, உடன்பிறந்தவளின் உழைப்பைத் தன் பெயரில் ஊருக்குக் காட்டியவளை இலக்கிய உலகம் நூற்றைம்பது வருடமாகக் கொண்டாடுகிறது என்று எழுதினேன். அவ்வளவு கோபம்.

சாயங்காலம் சுகிர்தத்திடம் கொடுத்தேன். படியெடுத்துத் தந்தாள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தேனாம், போட்டிருந்தாள். 

ஜூலை 20

மெஞ்ஞானபுரத்தில், எங்கள் சித்தி மகள் இருக்கிற ஊரில், கோயிலில் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை. பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சுகிர்தம் கிளம்பினாள். இத்தனை வருடத்தில் மூன்று நாளுக்கு மேல் எங்கேயும் தங்கியதில்லை. புத்தகம் என்ன ஆவது என்றேன்.

"நீ எழுது அக்கா. சொல்லுததை எழுத வேண்டியதுதான."

ஆட்டோ வந்தபிறகு, பேர் விஷயம் என்னாச்சு என்று கேட்டாள். அதெல்லாம் பதிப்பாளர் முடிவு என்றேன். கேட்டால்தானே அவர் முடிவு சொல்வார். அது வேறு விஷயம்.

ஜூலை 21

ஒரு பக்கம்.

ஜூலை 23

பெபேயாள் லண்டனிலிருந்து வந்து, துணி மடித்துக்கொண்டிருக்கும் தொற்காளிடம் தன் கல்யாண விஷயத்தைச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். தமிழில் எழுதினால் இரண்டு பேரும் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிற மாதிரிப் பேசுகிறார்கள். நான்கு தடவை அடித்து எழுதினேன்.

சுகிர்தம் இருந்தால் இந்த இடத்தில் என்னை நிறுத்துவாள். எதையாவது சம்பந்தமில்லாமல் கேட்பாள். அவ அப்ப மடிச்ச துணி யாருடையது, அப்பாவுடையதா அவளுடையதா? அதில் ஒன்றும் இல்லை, மேலே போ என்பேன். சில நேரம் புத்தகத்தில் தேடிப் பார்த்தால் இருக்கும். பெபேயாளின் பழைய சட்டை அது. இன்று நானே பார்த்தேன், மூன்று பத்தி முன்னால் ஒரு வரியில் இருக்கிறது.

ஜூலை 26

ரசம் வைத்தேன். புளி அதிகம்.

ஜூலை 30

மூன்று அத்தியாயம் முடித்து அறவாழிக்கு அனுப்பிவிட்டேன். பத்து நாளில் மூன்று. யாருடைய உதவியும் இல்லாமல் முடியும் என்று தெரிந்துகொண்டதில் ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 3

அறவாழி பேசினார். மிகவும் தயங்கித் தயங்கிப் பேசினார். மனிதர் நல்லவர்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மூணு சேப்டரும் வேற யாரையாவது விட்டு எழுதச் சொன்னீங்களா? இது உங்க தமிழ் இல்லையே."

உடம்பு சரியில்லை, அவசரத்தில் எழுதினேன் என்றேன். ஓய்வெடுங்கள், அவசரமே இல்லை என்றார்.

போனை வைத்தபிறகு வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், அவமானமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 6

சுகிர்தம் இன்றுதான் வந்தாள், பத்து நாள் பதினேழாகிவிட்டது. அந்த மூன்று அத்தியாயத்தையும் வாசித்தாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து முதல் வரியிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. அறவாழி சொன்னதை அவளிடம் சொல்லவுமில்லை.

துணி மடிக்கிற இடத்தை அவள் எழுதியதை, அவள் குளிக்கப் போனபோது எடுத்து வாசித்தேன். ஆங்கிலத்தில் இருப்பதுதான் இருந்தது, ஒரு சொல் கூட்டவில்லை. ஆனால் தொற்காள் அந்தச் சட்டையை மடித்து வைத்துவிட்டு 'எப்பம் கல்யாணம்' என்று கேட்கிற இடத்தை, குளியலறைக் கதவு திறக்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஆகஸ்ட் 19

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

முப்பத்தோராம் அத்தியாயம். அப்பா இறந்தபின் மாமன்காரர் குடும்ப வேதாகமத்தை எடுத்து, முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் பிறந்த தேதிகளை உரக்க வாசிக்கிறார். டோர்கஸ், ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பது. ஃபீபி, ஆயிரத்து எண்ணூற்று இருபத்து மூன்று.

வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். தொற்காள்தான் மூத்தவள். முப்பது அத்தியாயமாக மூத்தவளை இளையவளாக்கி, ஐந்து பக்கத்துக்கு ஒருமுறை அவளை அக்கா அக்கா என்று கெஞ்ச வைத்திருக்கிறேன். எம்.பில். படிக்கும்போது வாசித்த நாவல், நாற்பது வருடத்துக்கு முன். கதை நினைவிருக்கிறது என்ற தைரியத்தில் திரும்ப வாசிக்கவில்லை. அன்றன்றைக்குள்ள பக்கத்தை அன்றன்றைக்குப் புரட்டிச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் மாணவி யாராவது இப்படிச் செய்திருந்தால் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

சுகிர்தம் பதறவில்லை. எழுந்து போய் பழைய நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பிரித்தால், அக்கா என்று வருகிற இடத்திலெல்லாம் பக்கவாட்டில் பென்சிலில் ஒரு சின்னக் கோடு. முதல் நோட்டிலிருந்தே இருக்கிறது.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மே மாதமே புத்தகம் முழுக்க வாசித்துவிட்டாளாம். மத்தியானம் நான் தூங்கும்போது, அப்பாவின் பழைய அகராதியை வைத்துக்கொண்டு. இந்தப் புத்தகம் மட்டுமல்ல, முந்தின நான்கையும் அப்படித்தான் வாசித்தாளாம். ஆங்கிலம் அவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நான் அப்பமே கேட்டேன்லா. நீ இல்லைன்னுட்ட. நீ படிச்சிருப்பேன்னு நினைச்சேன் அக்கா."

குத்திக்காட்டவில்லை. சொல்லப்போனால் எனக்காகக் கூச்சப்பட்டுத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

சமாளிக்கப் பார்த்தேன். யார் மூத்தவளாயிருந்தால் என்ன, கதை ஒன்றுதானே, அக்கா வருகிற இடத்தில் பேரைப் போட்டுவிடலாம் என்றேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். இதற்குமுன் அவள் என்னிடம் 'இல்லை' என்று சொன்னது எப்போது என்று நினைவில்லை.

"கதை ஒண்ணு இல்ல அக்கா. மூத்தவ விட்டுக்கொடுத்தா ஊரு பேசும், எப்பேர்ப்பட்ட அக்கான்னு. இளையவ விட்டுக்கொடுத்தா அது விட்டுக்கொடுத்ததாவே யாருக்கும் தெரியாது. அவ சும்மா வீட்டுல இருக்கான்னுதான் நினைப்பாக. நாம எழுதினது அந்தக் கதை. புத்தகத்துல இருக்கது வேற."

நோட்டுகளை அடுக்கிவைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

ஆகஸ்ட் 20

மத்தியானம் தூக்கம் வரவில்லை.

1974. நான் சென்னையில் எம்.ஏ. முதல் வருடம். சுகிர்தம் பி.யூ.சி. முடித்திருந்தாள். தமிழில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண், ஆங்கிலத்தில் இரண்டாவது. பி.ஏ.வுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த மே மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. யாராவது ஒருத்தி ஒரு வருடமாவது வீட்டில் இருக்க வேண்டும், மூத்தவள் நீ சொல் என்று அப்பா விடுதிக்குக் கடிதம் எழுதினார்.

நான் பதில் எழுதினேன். சுகிர்தம் இருக்கட்டும், அவளுக்குப் படிப்பில் அப்படியொன்றும் நாட்டமில்லை.

ஒரு வருடம் என்றுதான் பேச்சு. அம்மா பதினேழு வருடம் இருந்தார்கள்.

அவளாகத்தான் இருந்துகொண்டாள் என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடிதத்தில் இருந்தது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இன்று பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. படுக்கையில் கிடந்த அம்மாவுக்குத் தபாலில் வருவதையெல்லாம் வாசித்துக் காட்டியது அவள்.

ஆகஸ்ட் 22

முதல் அத்தியாயத்திலிருந்து திருத்துகிறோம். அக்காவை எடுத்துத் தங்கச்சி போட்டால் தீருகிற வேலை இல்லை. தொற்காள் பேசுவது, கோபிப்பது, கதவருகில் நிற்பதுகூட மாறுகிறது. சுகிர்தம் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். என் கையெழுத்து மோசம் என்கிறாள்.

ஆகஸ்ட் 29

எட்டு அத்தியாயம். விரல் வலிக்கிறது. உனக்கும் இத்தனை வருடம் வலித்திருக்குமே என்று கேட்டேன். வெந்நீரில் வை என்றாள்.

செப்டம்பர் 4

முன்னுரையை எடுத்து வாசித்தேன். மார்த்தாவைப் பற்றிய பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு பொறுக்கி ஒட்டினேன். எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லையே.

செப்டம்பர் 16

முப்பது அத்தியாயமும் முடிந்தன. அறவாழியைக் கூப்பிட்டேன். மொழிபெயர்ப்பில் என் தங்கை சுகிர்தம் பெயரும் வர வேண்டும் என்றேன். தாராளமாக, நன்றியுரையில் போட்டுவிடலாம் என்றார். அங்கே இல்லை, தலைப்புப் பக்கத்தில், என் பெயருக்குப் பக்கத்தில் என்றேன். வாசகர்கள் உங்கள் பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் மேடம், புதுப் பெயர் சேர்ந்தால் குழப்பம் என்றார். குழம்பட்டும் என்றேன். கடைசியில் சரி என்றார்.

இன்று முழுவதும் என்மேல் எனக்கே ஒரு மரியாதை. சுகிர்தத்திடம் சொல்லவில்லை. அச்சில் பார்க்கட்டும்.

செப்டம்பர் 27

தலைப்புப் பக்கத்தின் மெய்ப்பு வந்தது. தமிழில்: பியூலா ஞானசிகாமணி, சுகிர்தம் ஞானசிகாமணி. அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கையைப் பிடித்துக்கொள்வாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று என்னவெல்லாமோ நினைத்திருந்தேன்.

கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஞானசிகாமணியில் ஒரு துணைக்கால் விட்டிருந்தது, பென்சிலால் போட்டாள். தாளைத் திருப்பித் தந்தாள்.

"சரியா இருக்கு. மத்த நாலு?"

அதெல்லாம் அச்சாகி வருடக்கணக்காகிறது என்றேன்.

"ஆமா," என்றாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள்.

செப்டம்பர் 28

கோபமாக இருக்கிறது. ஒன்று கொடுத்தால் ஐந்து கேட்கிறாள்.

செப்டம்பர் 29

அவள் எதுவும் கேட்கவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்தேன். கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன் நேற்று. என்னுடையதை எடுத்துக் கொடுத்த மாதிரி.

அக்டோபர் 1

பரிசு விழாவுக்கு ஏற்புரை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். 'இந்தத் தமிழுக்காக நான் பட்ட பாடு' என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. வழக்கமாக இந்த மாதிரி எழுதினால் சுகிர்தத்திடம் கொடுப்பேன், படியெடுத்துத் தருவாள். கொடுப்பதற்காக அடுப்படி வாசல்வரை போனேன். அவள் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். என்ன அக்கா என்றாள். தண்ணீர் கேட்டேன், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தத் தாளை அவளிடம் கொடுத்தால், பேசாமல் படியெடுத்துத் தருவாள். ஒற்று விட்டிருந்தால் போட்டும் தருவாள். அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 3

காலை பத்து மணிக்கு அறவாழியைக் கூப்பிட்டேன். சுகிர்தம் அடுப்படியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஏற்புரை தயாரா மேடம் என்று உற்சாகமாக ஆரம்பித்தார். அதற்குமுன் ஒரு விஷயம் என்றேன். நேற்று முழுக்க எப்படிச் சொல்லலாம் என்று நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது.

"முந்தின நாலு புத்தகத்துலயும் தமிழ் என் தங்கச்சி எழுதினது. நான் வாசிச்சு அர்த்தம் சொன்னேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. பரிசு அவளுக்கு."

மிக்சி நின்றுவிட்டது.

 பெயர் மாற்றினால் அறக்கட்டளை விளக்கம் கேட்கும், பத்திரிகையில் வரும், உங்களைத்தான் மேடம் கண்டபடி பேசுவார்கள் என்றார். பேசட்டும், நானே ஒரு பக்கம் அப்படிப் பேசி முன்னுரையாக அனுப்பியிருக்கிறேனே என்றேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. வேறொன்று கேட்டார்.

"அவங்க பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட பேசணும்."

இந்த வீட்டுப் போனில் இத்தனை வருடமாக என்னைக் கேட்டுத்தான் அழைப்பு வரும். அவள் எடுத்து, அக்கா உனக்கு என்று கொண்டுவந்து தருவாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய், உனக்குத்தான் என்று நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா, சுகிர்தம்தான் பேசுதேன்," என்றாள்.

பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. பி.யூ.சி. படிக்கும்போது அப்படிச் சிரித்தாளோ என்னவோ, நான் அப்போது சென்னையில் இருந்தேன்.

பத்தரை ஆயிற்று. நோட்டு, பேனா, புத்தகம் எல்லாம் மேசைமேல் எடுத்து வைத்தேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன்.